சிறு சி.என்.சி. இயந்திரங்களுக்கு ஏற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

மரத்தையும் பிளாஸ்டிக்கையும் மெல்லிய உலோகத் தகட்டையும் கணிப்பொறியின் ஆணைப்படி வெட்டிச் செதுக்கும் சி.என்.சி. இயந்திரம் ஒரு காலத்தில் பெரிய ஆலைகளுக்கே உரியதாக இருந்தது. இன்று அது மேசையின் மீது வைக்கத்தக்க அளவில் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் சிறு பட்டறைகளிலும் ஆர்வலர்களின் இல்லங்களிலும் இடம்பெற்று வருகிறது. மேலை நாடுகளில் பொழுதுபோக்கு ஆர்வலர்களுக்கென உருவான இவ்வகை இயந்திரம், இந்தியாவில் கல்விக் கருவியாகவும் சிறுதொழில் சாதனமாகவும் பயன்படத் தொடங்கியிருப்பது குறிப்பிடத்தக்கது.

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகருக்கு அருகிலுள்ள பாபல் கிராமத்தில் இயங்கும் விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002-ஆம் ஆண்டில் ஒரு 'ஃபேப் லேப்' நிறுவப்பட்டது. கணிப்பொறி வழி இயங்கும் சிறு இயந்திரங்களைக் கிராம இளைஞர் கையில் கொடுத்துப் பயிற்றும் முயற்சிக்கு இந்தியாவில் அது ஒரு தொடக்கமாக அமைந்தது. 2016-இல் அடல் புத்தாக்க இயக்கம் தொடங்கப்பட்ட பின்னர், 6 முதல் 12 வரையுள்ள வகுப்பு மாணவர்களுக்கென அமைக்கப்பட்ட அடல் ஆய்வுக்கூடங்களின் வாயிலாக, முப்பரிமாண அச்சுப்பொறியும் அர்டுயினோ போன்ற மின்னணுப் பலகைகளும் பல ஆயிரம் பள்ளிகளைச் சென்றடைந்துள்ளன. தேர்வு பெற்ற பள்ளி ஒன்றுக்கு ரூ.20 லட்சம் வரை மானியம் வழங்க இத்திட்டம் வகை செய்தது.

இத்தகைய இயந்திரம் ஒன்றை வாங்க முற்படும்போது மேசையின் நீள அகலம், மோட்டாரின் வலு, வெட்டுக் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் திறன் ஆகியவை விரிவாக ஆராயப்படுகின்றன. மென்பொருளைப் பொறுத்தமட்டில் 'உரிய மென்பொருளுடன்' என்னும் ஒரு தொடரோடு கோப்பு முடிந்துவிடுவதுண்டு. ஆனால், இயந்திரம் நாள்தோறும் உழைக்குமா, ஓராண்டு கழித்து உறையிட்டு மூலையில் கிடக்குமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அந்தத் தொடருக்குள் அடங்கியிருக்கும் பொருளேயாகும். எனவே, மென்பொருள் தேர்வின் அடிப்படைகளை மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் நலம்.

பொதுமொழியின் தோற்றம்

எண்களைக் கொண்டு இயந்திரத்தை ஆளும் முறை அமெரிக்காவில் தோன்றியது. ஹெலிகாப்டரின் இறக்கைகளைத் துல்லியமாக உருவாக்க வழி தேடிய ஜான் பார்சன்ஸ் என்பவரின் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-இல் எண்வழிக் கட்டுப்பாட்டில் இயங்கும் மில்லிங் இயந்திரத்தைச் செய்து காட்டியது. துளையிட்ட நாடாவே அதற்கு ஆணைகளைத் தந்தது. பின்னர் இவ்வாணைகள் ஒழுங்குபடுத்தப்பட்டு, அமெரிக்காவில் ஆர்.எஸ்.-274 என்றும், 1982-இல் ஐ.எஸ்.ஓ. 6983 என்றும் தரநிர்ணயம் பெற்றன. நடைமுறையில் இது 'ஜி-கோடு' என வழங்குகிறது.

ஜி-கோடு என்பது எவரும் படித்தறியக்கூடிய எளிய எழுத்துக் கோப்பு. 'ஜி1 எக்ஸ்50 எஃப்600' என்னும் வரி, எக்ஸ் அச்சில் 50 என்ற இடத்திற்கு நிமிடத்திற்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் செல்க என்று பணிக்கிறது. நிறுவனங்களுக்கிடையே சிறு வேறுபாடுகள் இருப்பினும் அடிப்படை ஆணைகள் எங்கும் ஒன்றே. இப்பொதுமொழி இருப்பதனால்தான் ஒருவர் தயாரித்த வரைபட மென்பொருளையும் மற்றொருவர் தயாரித்த கட்டுப்பாட்டுப் பலகையையும் இணைத்துப் பயன்படுத்த முடிகிறது.

நான்கு அடுக்குகள்

'சி.என்.சி. மென்பொருள்' என்று ஒற்றைப் பெயரால் குறிப்பிடப்படுவது உண்மையில் நான்கு அடுக்குகளைக் கொண்டது. முதலாவது, பொருளின் வடிவத்தை வரைந்து தரும் 'கேட்' மென்பொருள். இரண்டாவது, அவ்வடிவத்தை எந்தக் கருவியால், எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் வெட்டுவது எனக் கணக்கிட்டு ஜி-கோடு எழுதும் 'கேம்' மென்பொருள். மூன்றாவது, அந்த ஜி-கோட்டை வரிவரியாக இயந்திரத்துக்கு அனுப்பும் மென்பொருள். நான்காவது, கட்டுப்பாட்டுப் பலகையின் சில்லுக்குள்ளேயே பதிக்கப்பட்டு, ஒவ்வொரு வரியையும் மோட்டாரின் அசைவாக மாற்றும் 'ஃபர்ம்வேர்'.

இவற்றுள் முதல் மூன்றையும் விரும்பியபோது மாற்றிக்கொள்ளலாம். நான்காவதோ இயந்திரத்தின் மின்னணுப் பலகையோடு பிணைந்தது. அதனை மாற்றுவதென்றால் பெரும்பாலும் பலகையையே மாற்ற வேண்டும். ஆதலின், தேர்வு ஃபர்ம்வேரிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

ஃபர்ம்வேர் ஆற்றும் பணி

சிறு இயந்திரங்களில் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார்களே பயன்படுகின்றன. ஒரு மின்துடிப்புக்கு ஒரு படி என்ற கணக்கில் இவை சுழலும். வழக்கமான மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்டது. ஒவ்வொரு படியையும் டிரைவர் பலகை 16 நுண்படிகளாகப் பிரிக்குமானால் ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்புகள் தேவை. ஒரு சுற்றுக்குத் திருகுதண்டு 4 மில்லிமீட்டர் நகர்த்துமானால், 1 மில்லிமீட்டருக்கு 800 துடிப்புகள் என்றாகிறது.

இத்துடிப்புகள் சீரான இடைவெளியில் வர வேண்டும். விநாடிக்கு 30,000 துடிப்புகள் என்றால் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 33 பங்கு மட்டுமே. பல வேலைகளை மாறிமாறிச் செய்யும் சாதாரணக் கணிப்பொறியால் இந்த ஒழுங்கைக் காக்க இயலாது. துடிப்பு தடுமாறினால் மோட்டார் படி தவறும். பெரும்பாலான சிறு இயந்திரங்களில் தவறிய படியை அறிந்து சொல்லும் உணர்கருவி இல்லாமையால், அதற்குப் பின் வெட்டப்படும் ஒவ்வொரு கோடும் இடம் பெயர்ந்துவிடும். இப்பொறுப்பைக் கணிப்பொறியிடமிருந்து பிரித்து ஒரு தனிச் சில்லிடம் ஒப்படைப்பதே ஃபர்ம்வேரின் நோக்கம்.

ஜி.ஆர்.பி.எல்.: அதன் ஆற்றலும் எல்லையும்

இத்துறையில் பெரும் மாற்றத்தை விளைவித்தது 'ஜி.ஆர்.பி.எல்.' என்னும் ஃபர்ம்வேர். 2009-இல் நார்வே நாட்டின் சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்பவர் இதனை உருவாக்கினார். பின்னர் சுங்கூன் ஜியோன் என்பவர் பொறுப்பேற்று வளர்த்தார். அர்டுயினோ ஊனோ பலகையில் இது இயங்குகிறது. அப்பலகையின் சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட் இடமும், நினைவகமாக 2 கிலோபைட்டும் மட்டுமே உள்ளன. அதற்குள்ளேயே மூன்று அச்சுகளையும் இயக்கி, முடுக்கத்தையும் திட்டமிட்டு, விநாடிக்கு 30,000 துடிப்புகள் வரை சீராக அளிக்கும் திறனை ஜி.ஆர்.பி.எல். பெற்றுள்ளது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மின்விளக்கை எரியச் செய்து பழகிய அதே பலகை சி.என்.சி. இயந்திரத்தின் மூளையாகவும் அமையக்கூடும் என்பது கல்வி நோக்கில் அரிய வாய்ப்பாகும்.

இதன் எல்லைகளை மூன்றாகக் கூறலாம்.

முதலாவது, துடிப்பின் எல்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் மில்லிமீட்டருக்கு 800 துடிப்புகள் தேவைப்பட்டன. 30,000-ஐ 800-ஆல் வகுக்க விநாடிக்கு 37.5 மில்லிமீட்டர், அதாவது நிமிடத்திற்கு 2,250 மில்லிமீட்டர் என்பதே உச்ச வேகம். நுண்படியை 16-லிருந்து 8-ஆகக் குறைத்தால் இது 4,500 ஆகும். அப்போதும் ஒரு துடிப்பின் அளவு 0.0025 மில்லிமீட்டரே, மரவேலைக்கு இத்துல்லியம் போதுமானதற்கும் மேல். எனவே, இந்த எல்லை ஒன்றையே காரணமாகக் காட்டிப் புதிய பலகை வாங்குவது பல நேரங்களில் தேவையற்ற செலவு.

இரண்டாவது, முன்னோக்குத் திறனின் எல்லை. இயந்திரம் ஓடும்போது, அடுத்து வரும் ஏறக்குறைய 16 கோட்டுத் துண்டுகளை மட்டுமே ஜி.ஆர்.பி.எல். தன் நினைவில் வைத்துத் திட்டமிடுகிறது. அடுத்த ஆணை வந்து சேராவிடில், கையிலுள்ள கடைசித் துண்டின் முடிவில் இயந்திரம் பத்திரமாக நிற்க வேண்டும் என்பது அதன் விதி. நீண்ட நேர்கோடுகளை வெட்டும்போது இது ஒரு தடையன்று. ஆனால் பூ, கொடி, உருவம் ஆகியவற்றை மேடுபள்ளமாகச் செதுக்கும் வேலையில் பாதை 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக உடைகிறது. அப்போது 16 துண்டுகள் சேர்ந்தும் 1.6 மில்லிமீட்டர் தொலைவே ஆகும். இயந்திரத்தின் முடுக்கம் விநாடி வர்க்கத்திற்கு 50 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 1.6 மில்லிமீட்டருக்குள் நிற்கக்கூடிய வேகம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 760 மில்லிமீட்டர்தான். முன்னோக்கும் துண்டுகள் 100 ஆனால் தொலைவு 10 மில்லிமீட்டராகி, வேகம் ஏறக்குறைய 1,900-ஆக உயர இடமுண்டு.

இவ்வேறுபாட்டின் பொருளாதார விளைவை எளிதில் கணக்கிடலாம். 200 மில்லிமீட்டர் சதுரப் பலகையில் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் செதுக்குவதற்குக் கருவி 400 முறை குறுக்கே செல்ல வேண்டும். மொத்தப் பாதை 80,000 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 760 என்ற வேகத்தில் இதற்கு 105 நிமிடங்கள் ஆகும். கருவியும் மரமும் இடம் தந்து 1,900 வேகத்தில் ஓடினால் 42 நிமிடங்கள் போதும். உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூர் போன்று மரச் செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்ற ஊரில் பட்டறை நடத்தும் ஒருவருக்கு, ஒரு பலகை முடிவதற்கும் இரண்டரைப் பலகை முடிவதற்கும் உள்ள வேறுபாடு இது. கூலியும் மின்கட்டணமும் கடன் தவணையும் இந்த நேரத்தைப் பொறுத்தவை. பெயர்ப்பலகை வெட்டும் பட்டறைக்கோ இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கு பழைய பலகையே நிறைவாக உழைக்கும்.

மூன்றாவது, ஆணைகளின் எல்லை. ஆலை இயந்திரங்களில் வழக்கமாக உள்ள துளையிடும் சுழற்சி ஆணைகள், கருவியின் ஆரத்திற்கேற்பப் பாதையைத் திருத்திக்கொள்ளும் ஆணைகள், தானியங்கிக் கருவி மாற்றம் ஆகியவற்றை ஜி.ஆர்.பி.எல். ஏற்பதில்லை.

32-பிட் வழித்தோன்றல்கள்

2 கிலோபைட் நினைவகத்தில் இதற்கு மேல் விரிவுக்கு இடமில்லாமையால், 32-பிட் சில்லுகளில் இயங்கும் புதிய ஃபர்ம்வேர்கள் தோன்றின. இவற்றுள் 'ஜி.ஆர்.பி.எல்.-ஹால்' பலவகைச் சில்லுகளில் இயங்கக்கூடியது. மூன்றுக்கு மேற்பட்ட அச்சுகளையும் துளையிடும் சுழற்சிகளையும் ஏற்கக்கூடியது. முன்னோக்குத் திறனும் பல மடங்கு மிகுந்தது. 'ஃபுளூயிட்-என்.சி.' என்பது ஈ.எஸ்.பி.32 என்னும் சில்லில் இயங்குகிறது. கம்பியில்லா இணைப்பின் மூலம் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ உள்ள உலாவியிலிருந்தே இயந்திரத்தை இயக்க இது வழி செய்கிறது. இயந்திரத்தின் அமைப்பை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி வைத்தால் போதும். நிரலை மீண்டும் தொகுக்க வேண்டியதில்லை. நிரலாக்கம் அறியாத ஆசிரியருக்கு இது பெரும் வசதி.

'மார்லின்' என்னும் ஃபர்ம்வேர் முப்பரிமாண அச்சுப்பொறிக்கென 2011-இல் தோன்றியது. அச்சுப்பொறியின் பலகையை வெட்டும் வேலைக்கும் பயன்படுத்த விரும்புவோர் இதனைக் கொள்ளலாமெனினும், வெட்டும் பணியே முதன்மையானதாயின் அதற்கென அமைந்த ஃபர்ம்வேரே தக்கது.

கணிப்பொறியே கட்டுப்பாட்டுக் கருவியாகும் முறை

தனிச் சில்லின்றிக் கணிப்பொறியே துடிப்புகளை அளிக்கும் முறையும் உண்டு. அமெரிக்க அரசின் தேசியத் தரநிர்ணய மற்றும் தொழில்நுட்பக் கழகம் 1990-களில் உருவாக்கிய கட்டுப்பாட்டு மென்பொருளே இன்று 'லினக்ஸ்-சி.என்.சி.' என்ற பெயரில் வளர்ந்து நிற்கிறது. அரசின் பொதுச்செலவில் உருவான ஒரு மென்பொருள் எவரும் எடுத்தாளக்கூடியதாக வெளியிடப்பட்டு, உலகெங்குமுள்ள தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டது என்பது வளர்ச்சி நிருவாகத்தில் ஈடுபட்டோர் கருதத்தக்க செய்தியாகும். நேரம் தவறாது இயங்கும் வகையில் திருத்தப்பட்ட லினக்ஸ் இயக்க முறைமை இதற்குத் தேவை. ஒன்பது அச்சுகள் வரை இது ஆளும். துளையிடும் சுழற்சிகள், கருவி ஆரத் திருத்தம், மரை வெட்டுதல் ஆகிய அனைத்தும் இதில் உண்டு. கற்பதற்குக் காலம் மிகுதியாகத் தேவைப்படும். அமைத்துத் தருவோரும் எளிதில் கிடைப்பதில்லை.

விண்டோஸில் இயங்கும் 'மாக்3' மற்றொரு படிப்பினையைத் தருகிறது. பல ஆண்டுகள் சிறு பட்டறைகளில் பரவலாகப் பயன்பட்ட இம்மென்பொருள், கணிப்பொறியின் பேரலல் போர்ட் வழியாகத் துடிப்புகளை அனுப்பியது. அதற்கான இயக்கி 32-பிட் விண்டோஸில் மட்டுமே செயல்படும். 64-பிட் கணிப்பொறிகள் பெருகி, பேரலல் போர்ட்டும் மறைந்த பின்னர், இயந்திரம் நன்னிலையில் இருக்க, அதை ஓட்டப் பழைய கணிப்பொறியைத் தேடும் நிலை பலருக்கு ஏற்பட்டது. தனியே ஒரு துடிப்புப் பலகையை வாங்கிப் பொருத்தியோர் தொடர்ந்து பயன்படுத்தினர். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. இரும்புச் சட்டம் பத்தாண்டுக்கு மேலும் உழைக்கும். அதனோடு பிணைக்கப்படும் கணிப்பொறியின் ஆயுள் அவ்வளவு நீண்டதன்று என்பதை வாங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

அனுப்பும் மென்பொருள்

ஜி.ஆர்.பி.எல். வழிவந்தவற்றுக்கு ஆணைகளை அனுப்பும் மென்பொருள்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. 'யுனிவர்சல் ஜி-கோடு சென்டர்', 'கேண்டில்', 'ஜி-சென்டர்', உலாவி வழி இயங்கும் 'சி.என்.சி.ஜே.எஸ்.' ஆகியவை அவற்றுட் சில. இவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது எளிது. ஆகவே, இதில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. அனுப்புவதற்கு முன் வெட்டுப்பாதையைத் திரையில் காட்டுகிறதா, கிடைக்கும் பழைய கணிப்பொறியில் தடையின்றி ஓடுகிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

கேம் மென்பொருளும் உரிமமும்

கேம் மென்பொருளின் தேர்வில் உரிம நிபந்தனைகளே முதலில் ஆராயத்தக்கவை. 'ஃபியூஷன் 360' தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைப்பதால் ஆர்வலரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. 2020-இல் அந்த இலவச உரிமத்தின் எல்லைகள் சுருக்கப்பட்டன. விரைவு நகர்வு, தானியங்கிக் கருவி மாற்றம், பல அச்சு வெட்டு முதலிய வசதிகள் அதிலிருந்து நீக்கப்பட்டன. வழங்கிய நிறுவனத்துக்கு அதற்குரிய உரிமை உண்டு. ஆயினும், பிறர் முடிவைச் சார்ந்திருக்கும் ஒரு வசதியின் மீது பாடத்திட்டத்தையோ தொழிலையோ முழுமையாக அமைப்பதிலுள்ள இடரை இது உணர்த்துகிறது. மேலும், தனிநபருக்கான இலவச உரிமம் வணிகப் பட்டறைக்கு இயல்பாகவே பொருந்திவிடாது.

'ஃப்ரீகேட்' திறந்த மூல மென்பொருள், அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளியாயிற்று. வரைதலும் வெட்டுப்பாதை அமைத்தலும் அதிலேயே அடங்கியுள்ளன. கற்பது சற்றுக் கடினமெனினும், கற்ற திறன் உரிமக் காலத்தோடு முடிந்துவிடுவதில்லை. 'ஈசல்' போன்றவை உலாவியில் இயங்குவதால் தொடங்குவதற்கு மிக எளியவை. ஆனால் இணையத் தொடர்பு அவற்றுக்கு இன்றியமையாதது. இணையம் விட்டுவிட்டுக் கிடைக்கும் ஊர்களில் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். எழுத்தும் சித்திரமும் செதுக்கிப் பிழைப்போருக்கு 'வீகார்வ்' போன்ற, ஒருமுறை விலை கொடுத்து நிரந்தரமாகப் பெறும் மென்பொருள் நல்ல முதலீடாகவே அமையும். இலவசம் என்பது எப்போதும் மலிவு என்றும், விலையுள்ளது எப்போதும் வீண் என்றும் கொள்வது சரியன்று.

எந்தக் கேம் மென்பொருளாயினும், அது எழுதும் ஜி-கோடு குறிப்பிட்ட ஃபர்ம்வேரின் வழக்குக்கு இசைய வேண்டும். இதனைச் செய்வது 'போஸ்ட் புராசசர்' என்னும் பகுதி. அலகைக் குறிக்கும் ஆணைகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஜி20 அங்குலத்தையும் ஜி21 மில்லிமீட்டரையும் குறிக்கும். இவை மாறினால் பாதை 25.4 மடங்கு பெரிதாகி இயந்திரம் சட்டத்தில் மோதும், அல்லது அந்த அளவுக்குச் சிறுத்துப் பலகை வீணாகும்.

செலவைக் கணக்கிடும் முறை

மென்பொருளின் செலவு என்பது விலைப்பட்டியலில் காணும் தொகை மட்டுமன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணம், பயிற்சிக்குச் செலவாகும் காலம், பின்னாளில் வேறொன்றுக்கு மாற நேர்ந்தால் ஏற்படும் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மானியம் பெரும்பாலும் தொடக்கத்தில் ஒருமுறை கிடைக்கும். உரிமக் கட்டணமோ ஆண்டுதோறும் வரும். இவ்விரண்டுக்கும் உள்ள பொருத்தமின்மையை வாங்கும்போதே நோக்காவிட்டால், நிதி தீர்ந்த ஆண்டில் இயந்திரமும் நின்றுவிடும்.

மத்திய அரசு 2015-இல் திறந்த மூல மென்பொருள் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மின்னாளுகைப் பயன்பாடுகளுக்கென வகுக்கப்பட்டதாயினும், திறந்த மூல மென்பொருளை முதலில் கருதுக, அதனை விலக்கினால் காரணம் கூறுக என்னும் அதன் அணுகுமுறை இங்கும் ஏற்கத்தக்கதே. ஜி.ஆர்.பி.எல்.-உம் மேற்கூறிய அதன் வழித்தோன்றல்கள் இரண்டும் ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் கீழ் வருபவை. அவற்றைத் திருத்தித் தம் இயந்திரத்தில் பதித்து விற்பவர், அத்திருத்தத்தின் மூல நிரலை வாங்குவோருக்கு அளிக்கக் கடமைப்பட்டவர். விற்பனையாளர் தொழிலைக் கைவிட்ட பின்னரும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க இவ்வுரிமை துணை நிற்கும். ஆனால் பெரும்பாலான கொள்முதல்களில் இது கேட்டுப் பெறப்படுவதில்லை.

யாருக்கு எது பொருத்தம்?

பள்ளி ஆய்வுக்கூடத்திற்கு அர்டுயினோவில் இயங்கும் ஜி.ஆர்.பி.எல். சாலப் பொருத்தம். பலகை மலிவானது, பழுதானால் உடனே மாற்றத்தக்கது, அதன் செயல்முறையை மாணவர் தாமே ஆராயக்கூடியது. கணிப்பொறிகள் குறைவாக உள்ள பள்ளிக்கு ஃபுளூயிட்-என்.சி. பயன்படும்.

தொழிற்பயிற்சி நிலையத்தின் நோக்கம் வேறு. அங்குப் பயின்றவர் ஆலையில் பெரிய இயந்திரத்தின் முன் நிற்கப் போகிறவர். துளையிடும் சுழற்சியும் கருவித் திருத்தமும் அறியாத ஃபர்ம்வேரில் பழகினால் அவரது பயிற்சி குறையுடையதாகும். ஆதலின் அங்கு லினக்ஸ்-சி.என்.சி. அமைப்பதற்கான உழைப்பு பயனுள்ளதே.

சிறு பட்டறைக்கு வேலையின் தன்மையே அளவுகோல். பெயர்ப்பலகை, பலகை வெட்டு ஆகியவற்றுக்கு எளிய ஃபர்ம்வேர் போதும். மேடுபள்ளச் செதுக்கலுக்கு 32-பிட் பலகையின் கூடுதல் விலையை மிச்சமாகும் நேரமே ஈடுசெய்யும். எவ்விடத்திலும் இயந்திரத்தின் எதிர்காலம் அதனைக் கையாள்வோரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பயிற்சி பெற்ற ஒரே ஆசிரியர் இடமாற்றம் பெற்றவுடன் ஆய்வுக்கூடம் பூட்டப்படும் நிலையைத் தவிர்க்க, குறைந்தது இருவர் பயிற்சி பெறுதல் வேண்டும்.

பாதுகாப்பும் மின்தடையும்

மென்பொருளிலுள்ள நிறுத்தப் பொத்தானைப் பாதுகாப்புச் சாதனமாகக் கருதலாகாது. கணிப்பொறி உறைந்துவிட்டால் அப்பொத்தானும் செயலிழக்கும். ஸ்பிண்டிலுக்கும் மோட்டார்களுக்கும் செல்லும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் ஒன்று இயந்திரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

வேலையின் நடுவே மின்சாரம் நின்றுவிட்டால், ஸ்டெப்பர் மோட்டார் தான் நின்ற இடத்தை அறியாது. ஒவ்வோர் அச்சின் முனையிலும் லிமிட் சுவிட்சுகள் பொருத்தப்பட்டு, தொடக்க நிலைக்குத் திரும்பும் ஆணை இயக்கப்பட்டிருந்தால், மின்சாரம் வந்தபின் இயந்திரம் தன் இடத்தை மீண்டும் கண்டுகொள்ளும். பலகை பொருத்தப்பட்ட இடத்தின் அளவுகளை ஜி.ஆர்.பி.எல். தன் நிலைநினைவகத்தில் காத்து வைத்திருப்பதால், விட்ட இடத்திலிருந்து தொடரவும் இயலும். சுவிட்ச் இல்லாத மலிவு இயந்திரத்தில் அந்தப் பலகையை எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். மின்தடை மிகுந்த பகுதிகளில் இச்சிறு சாதனத்தின் மதிப்பு அதன் விலையைக் காட்டிலும் பெரிது.

கொள்முதலின்போது கேட்க வேண்டியவை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கொள்முதல் ஆவணத்தில் பின்வரும் ஐந்து நிபந்தனைகளைச் சேர்ப்பது பயனளிக்கும்.

1. ஃபர்ம்வேரின் பெயரும் பதிப்பும் குறிப்பிடப்பட வேண்டும். பொது உரிமத்தின் கீழ் வருவதாயின் மூல நிரலும் அளிக்கப்பட வேண்டும்.

2. மில்லிமீட்டருக்கான துடிப்புகள், உச்ச வேகம், முடுக்கம் முதலிய அமைப்பு எண்கள் அனைத்தும் தாளில் அச்சிட்டுத் தரப்பட வேண்டும். ஜி.ஆர்.பி.எல். பலகையில் '$$' என்ற ஆணை இவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும். பலகை மாற்ற நேரும் நாளில் இந்த ஒரு தாள் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

3. குறைந்தது இரண்டு வெவ்வேறு கேம் மென்பொருள்களிலிருந்து எழுதப்பட்ட ஜி-கோட்டை இயந்திரம் ஏற்று இயங்குவதைச் செய்து காட்ட வேண்டும்.

4. ஏற்புச் சோதனையில், இயந்திரம் 100 மில்லிமீட்டர் ஆணைக்கு எவ்வளவு நகர்கிறது என அளக்கப்பட வேண்டும். பலமுறை விரைந்து சென்றுவந்த பின்னும் தொடங்கிய புள்ளிக்கே அது திரும்புகிறதா எனவும் பார்க்க வேண்டும். பாதியோ இரு மடங்கோ நகர்ந்தால் நுண்படி அமைப்பு தவறானது; திரும்பும் புள்ளி விலகினால் படி தவறுகிறது எனக் கொள்ளலாம்.

5. இருவருக்கேனும் பயிற்சியும், வட்டார மொழியில் ஒரு பக்க இயக்கக் குறிப்பும் வழங்கப்பட வேண்டும்.

இந்த ஐந்துக்கும் பெருஞ்செலவு எதுவும் இல்லை. கேட்டுப் பெறும் விழிப்பு மட்டுமே தேவை. ஜி-கோடு என்னும் பொதுமொழியையும் திறந்த மூல ஃபர்ம்வேரையும் உலகம் இந்நாட்டின் மாணவருக்கும் கைவினைஞருக்கும் விலையின்றி வழங்கியுள்ளது. எந்த அடுக்கையும் பிற்காலத்தில் மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கைவிடாமல், செய்ய வேண்டிய வேலையை முதலில் வரையறுத்து, அதற்கேற்ற மென்பொருளைத் தெரிந்தெடுத்தால், பொதுப்பணத்தில் வாங்கப்படும் இயந்திரம் மானியக் காலம் கடந்தும் உழைக்கும். அதன் முன் நின்று பயிலும் இளைஞரின் திறனும் அவரோடு நிலைத்து நிற்கும்.